நூற்றுக்கு இருபத்தெட்டு

எனக்கு உட்காரத் தெரியாது. கல்யாணப் பந்தியில் பாயசம் வருவதற்குள் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுகிற ஆள் நான். படம் பார்க்கப் போனால் கடைசிப் பாட்டுக்கு முன்பே வெளியே வந்து சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருப்பேன். "காலுல சக்கரத்தக் கட்டிக்கிட்டுப் பொறந்தவன்" என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். இப்படிப்பட்ட ஒருவனைப் பிடித்து விளையாட்டுகளுக்கு விமர்சனம் எழுத விட்டது என் அக்கா செய்த தப்பு. அவசரமாய் எழுதியது நான் செய்த தப்பு. அதற்குப் பிறகு நான் செய்ததைத் தப்பு என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போக முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மலாயா சுதந்திரம் அடைந்த ஆண்டு அது. மலாக்காவில் காஜா பெராங் சாலையை ஒட்டி எங்கள் வீடு. அப்பா தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்து, சாலை போடும் வேலையில் சேர்ந்து, மேஸ்திரி ஆகியிருந்தார். அக்கா தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எனக்குப் பத்தொன்பது வயது. நகராட்சி அலுவலகத்தில் தற்காலிக எழுத்தர். இந்த மேசையில் இருக்கிற கோப்புகளை அந்த மேசைக்குக் கொண்டுபோவதுதான் பெரும்பாலும் வேலை. எனக்கென்று நாற்காலி கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அக்கா ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினாள். அந்தக் காலத்தில் இளைஞர் மன்றம் இருந்த இடமெல்லாம் அப்படி ஒன்று இருந்தது. மாதம் ஒன்று, ஒரே பிரதி. அக்காவின் கையெழுத்து அச்சுக் கோத்ததுபோல இருக்கும். முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை அவளே எழுதுவாள். அட்டையின் உள்பக்கத்தில் வீட்டுப் பட்டியல் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு நாள் தங்கிவிட்டுப் பத்திரிகை அடுத்த வீட்டுக்கு நடக்கும். எங்கள் தெருவில் நாலு வீடு, பிறகு தெங்கேரா, கிளேபாங், கடைசியில் புக்கிட் ரம்பாய். கடைசி நாலு பக்கத்தை வெறுமனே விட்டிருப்பாள். படித்தவர்கள் தங்கள் கருத்தை அதில் எழுத வேண்டும். கதை எழுதினவன், கவிதை எழுதினவன் எல்லாரும் பத்திரிகை திரும்பி வரும் நாளில் எங்கள் வாசலில் வந்து நிற்பார்கள். அவர்களுக்கு வேண்டியது அந்தக் கடைசி நாலு பக்கம்தான்.

அக்காவிடம் ஒரே ஒரு சட்டம் இருந்தது. பத்திரிகை வாசலைத் தாண்டிவிட்டால் அதில் ஒரு எழுத்தை மாற்றக்கூடாது. தப்பு இருந்தால் அடுத்த மாதம் திருத்தம் போடலாம்.

டவுனில் ஒரு கேளிக்கைப் பூங்கா இருந்தது. நாங்கள் பார்க்கு என்போம். ஜோகெட் ஆட்ட மேடை, குதிரை ராட்டினம், அப்புறம் வரிசை வரிசையாக விளையாட்டுக் கடைகள். சிங்கப்பூரிலிருந்து புதிதாக இயந்திரங்கள் வரத் தொடங்கியிருந்தன. பத்துக் காசு போட்டால் விளக்கு எரியும், மணி அடிக்கும், உள்ளே இரும்புக் குண்டு ஓடும், மேலே எண்ணிக்கை ஏறும். நான் தினம் அங்கேதான் கிடந்தேன். "போறதுதான் போற, ஆடிப் பாத்துட்டு எது நல்லாருக்குன்னு எழுதிட்டு வா. சினிமா விமர்சனம் எழுத ஊருக்கு நூறு பேரு இருக்கான்" என்றாள் அக்கா.

அப்படித்தான் நான் விமர்சகன் ஆனேன். புனைபெயர் ஒன்று வைத்துக்கொண்டேன். யார் எழுதுகிறார்கள் என்பது அக்காவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு விமர்சனத்தின் முடிவிலும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண். நாற்பதுக்குக் கீழே போனால் அக்கா சிவப்பு மையில் எழுதுவாள். பள்ளிக்கூடத்துப் பழக்கம், அவளால் விட முடியவில்லை. வாசகர்கள் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் சிவப்பைத்தான் தேடினார்கள். இரண்டே மாதத்தில் பார்க்கில் தமிழ்ப் பையன்கள் என் மதிப்பெண்ணைச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டார்கள். நான் பக்கத்தில் நின்று முகத்தில் ஒன்றும் காட்டாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். தலைக்கனம் ஏறுவதற்கு இதைவிட என்ன வேண்டும்?

மூன்றாம் மாதம் நாலு விளையாட்டுகளை எடுத்துக்கொண்டேன். சிங்கப்பூர்க் குண்டு இயந்திரம் 74. தகர டப்பாவைச் சுடும் துப்பாக்கி 61. வளையம் எறிவது 52. நாலாவது ஒரு மரப்பெட்டி.

அந்தப் பெட்டியைச் செய்தவர் எங்கள் சாலையிலேயே, மலாக்காச் செட்டிகள் குடியிருக்கும் கம்பத்துக் கிராமத்தில் இருந்தவர். முப்பத்தைந்து வயது இருக்கும். பகலில் பஸ் பட்டறையில் ஃபிட்டர், மாலையில் பார்க்கின் கடைசி வரிசையில் இந்தப் பெட்டியோடு நிற்பார். நெற்றியில் எங்களைவிடப் பட்டையாகத் திருநீறு பூசியிருப்பார். ஆனால் பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்துவிட்டவர்கள்; அவர் வீட்டில் பேசுவதெல்லாம் அவர்களுடைய மலாய். தெரிந்த தமிழ்ச் சொற்கள் பத்துப் பதினைந்து; அதில் ஒன்று தம்பி. என்னை அப்படித்தான் கூப்பிடுவார். நான் அவரை அபாங் என்பேன், மலாயில் அண்ணன். அவர் சொன்னதையெல்லாம் இங்கே தமிழில் எழுதுகிறேன், பேசியது மலாய்தான்.

பெட்டிக்குள் மலாக்காவையே சின்னதாகச் செய்து வைத்திருந்தார். கடல், படகுத்துறை, ஆறு, பாலம், அதற்கப்பால் மலை. மேலே கண்ணாடி. பக்கத்துக்கொன்றாக இரண்டு பித்தளைப் பிடிகள். அவற்றைத் திருகிப் பலகையைச் சாய்த்துச் சாய்த்து, ஒரு குண்டைக் கடலிலிருந்து மலையுச்சிக்குக் கொண்டுபோக வேண்டும். வழியெல்லாம் ஓட்டை. விளக்கு இல்லை, மணி இல்லை. நான் மூன்று தடவை ஆடினேன். இரண்டு தடவை ஆற்றில் விழுந்தது. மூன்றாம் தடவை பாலத்தைத் தாண்டியது. தாண்டியதும் ஒரு சுவர். குண்டு சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. நான் பலகையை இப்படியும் அப்படியும் உலுக்கினேன், குண்டு ஓட்டைக்குள் போய்விட்டது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான் அடுத்த கடைக்குப் போய்விட்டேன்.

எழுதியதை இன்னும் மறக்கவில்லை. "இந்தக் குண்டு போகிற வேகத்துக்கு மாட்டு வண்டி தேவலை. பாலத்தைத் தாண்டினால் ஒரு சுவர். சுவரோடு விளையாட்டும் முடிந்தது. பத்துக் காசு கொடுத்து அலுப்பு வாங்க விரும்புவோர் தாராளமாகப் போகலாம். நூற்றுக்கு 28."

அக்கா பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "முழுசா ஆடுனியா?"

"மூணு தடவ ஆடுனேன்."

"நான் கேட்டது அது இல்ல."

"அதுல அவ்ளோதான் இருக்கு, எழுதுக்கா" என்றேன். அவள் சிவப்பு மைப் புட்டியைத் திறந்தாள்.

பத்திரிகை எங்கள் தெருவில் நாலு வீட்டையும் சுற்றி முடித்தது. தெங்கேராவில் ஒரு தையற்காரர் வீட்டுக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை என்னுடையது. நேரே போகிற கால் என்றால் அது வேறு யாருடைய காலோ. பார்க்கு வழியாகப் போனேன். பழுப்புத் தாள் அட்டை போட்ட பத்திரிகை அக்குளில் இருந்தது. கடைசி வரிசையில் அவர் என்னைப் பார்த்துக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"தம்பி, அதுதானே அந்தப் புத்தகம்? என் பெட்டியப் பத்தி அதுல எழுதியிருக்காம்ல. பையனுங்க பேசிக்கிட்டாங்க, எனக்குச் சரியா வெளங்கல. கொஞ்சம் படிச்சுக் காட்டேன்."

அவசரமாகப் போக வேண்டும் என்றேன். "ரெண்டு நிமிஷம் லா" என்று சொல்லி, பெட்டியின் கண்ணாடியைத் துணியால் துடைத்து, பத்திரிகையை வைக்க இடம் செய்துகொடுத்தார். விரித்தேன். அந்தப் பக்கத்தில் அவருடைய பெட்டி மட்டும்தான் இருந்தது. மற்ற மூன்றும் முந்தைய தாள்களில்.

"குண்டு நிதானமா, கௌரவமா போகுதுன்னு எழுதியிருக்கு, அபாங்" என்று ஆரம்பித்தேன். மாட்டு வண்டியை அப்படித்தான் மலாயில் சொன்னேன். "பாலத்தத் தாண்டுனா ஒரு சுவர் இருக்கு. அருமையான சுவர்."

அவர் முகம் மலர்ந்தது. "சுவரா? சுவர் தொறந்தப்புறம் வர்றதப் பத்தி ஒண்ணும் எழுதலியா?"

சுவர் திறக்கும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். நாக்கு உலர்ந்துவிட்டது. ஆனால் பொய் சொல்கிற நாக்கு எப்படியோ ஈரத்தைத் தேடிக்கொண்டது. "அதச் சொல்லிட்டா ஆட வர்றவங்களுக்கு ருசி போயிரும்ல. அதனால எழுதாம விட்டுருக்காரு."

"நல்லா வெளங்குன ஆளு" என்றார் அவர், மெதுவாக. பிறகு விரலை மதிப்பெண்ணின் மேல் வைத்தார். "இது என்னா, இருபத்தெட்டு? ஏன் மேரா, செவப்பு?"

எண்ணை மறைக்க முடியாது. அவர் தினம் நட்டு, போல்ட்டு அளவு பார்க்கிற ஆள். "முப்பதுக்கு இருபத்தெட்டு. சிவப்பு ரொம்ப விசேஷமானதுக்கு மட்டும் போடுறது" என்றேன்.

சீனர் கடைகளில் நல்லதையெல்லாம் சிவப்பில் எழுதுகிற ஊர் இது. அவர் உடனே நம்பினார். நம்பியதோடு விடவில்லை. மெர்டேக்கா என்கிற சுதந்திர வாரத்துக்குப் பார்க்கில் பெரிய விழா நடக்கப் போகிறது, வாசலை ஒட்டின முன் வரிசையில் எந்தக் கடைகளை விடுவது என்று பார்க்கு முதலாளி தவுக்கே யோசித்துக்கொண்டிருக்கிறார், ஆட்கள் எதைப் புகழ்கிறார்களோ அதற்குத்தான் இடம் என்கிறார் என்று சொன்னார். "மூணு வருஷமா கக்கூசு பக்கத்துல நிக்கிறேன், தம்பி. ஒரு வாரம் முன்னால நின்னா போதும். நாலு பேரு கண்ணுல பட்டாப் போதும்."

மறுநாள் மாலையே கடை மேல் பலகை ஏறியிருந்தது. சிவப்புப் பெயிண்டில், ரூமி என்கிற ஆங்கில எழுத்தில், தமிழ்ப் பத்திரிகை என்று மலாயில் போட்டு, கீழே பெரிதாக 28/30. எழுத்தெல்லாம் ஒரே அளவு. அடிக்கோலை வைத்துத்தான் எழுதியிருப்பார். எங்கள் தெருப் பையன்கள் இரண்டு பேர் அதைப் பார்த்து ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர்கள் தன் பெட்டியைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள் என்று நினைத்து அவரும் சிரித்தார். எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. ராட்டினத்தைச் சுற்றி இரண்டு தடவை நடந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் அக்கா சிரித்த முகமாக இருந்தாள். "அந்தப் பெட்டிக்கார அபாங் வந்துட்டுப் போனாரு. பத்திரிகை அவரு வீட்டுக்கும் வேணுமாம். தமிழ் தெரியாதவரு ஆசையா வந்து கேக்குறாரு. பட்டியல்ல கடைசியாச் சேத்துருக்கேன். மதிப்பெண் கொறைச்சலாத்தான் வந்துச்சு, ஆனா மனசுல வச்சுக்கல பாரு, பெரிய மனுசன்."

பலகையை அவள் பார்த்திருக்கவில்லை. பார்க்குக்கெல்லாம் அவள் போவதில்லை. நான் சோற்றைப் பிசைந்தபடி தலையை ஆட்டினேன்.

பத்திரிகை அபாங் கைக்கு வந்தால் அதை எடுத்துக்கொண்டு நேரே தவுக்கேயிடம் போவார். தவுக்கேயின் டிக்கெட் கூண்டில் ஒரு தமிழர் இருந்தார். கொடுத்தால் படித்துவிடுவார். நூற்றுக்கு என்று படித்த மறுநிமிடம் பலகை கீழே வந்துவிடும், அபாங் பொய்யர் ஆகிவிடுவார். நான் சொன்ன பொய்க்கு அவர். இதை நினைக்க நினைக்க அலுவலகத்தில் கோப்புகளை மாற்றி மாற்றி வைத்தேன். சாக்கடைக் கோப்பு சந்தைக்காரர் மேசைக்குப் போனது. இரண்டு தடவை திட்டு வாங்கினேன். என்ன செய்யலாம் என்று யோசித்தபோது நேர்மையான வழி ஒன்று கண் முன்னாலேயே இருந்தது: அவரிடம் போய்ச் சொல்வது. அதற்குக் கால் வரவில்லை. மற்ற எல்லா இடத்துக்கும் போகிற கால்.

பத்திரிகையை வழியிலேயே பிடித்து அந்த ஒரு சொல்லை மாற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். சட்டைப் பையில் சவர பிளேடு, அக்காவின் சிவப்பு மையில் கொஞ்சம், ஒரு பேனா. சைக்கிளை எடுத்துக்கொண்டு தெங்கேராவுக்குப் போனேன். தையற்காரர் வாயில் நூலை வைத்துக்கொண்டே, "நேத்தே குடுத்து விட்டாச்சே. ஒரே மூச்சுல படிச்சிட்டோம். யாருப்பா அந்த வெளையாட்டு எழுதுறவன், நல்லா வாங்குறான்" என்றார். வேறு நாளாக இருந்தால் அரை மணி நேரம் நின்று கேட்டிருப்பேன்.

கிளேபாங்கில் கடற்காற்று முகத்தில் மணலை வீசியது. அந்த வீட்டு அம்மா கோப்பி கலக்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டு, "எங்க ஊட்டுக்காரரு புக்கிட் ரம்பாய்க்கு வேலையாப் போனாரு, கையோட எடுத்துட்டுப் போயிட்டாரு" என்றார். கோப்பியைக் குடிக்கவில்லை. அந்த அம்மாவுக்கு இன்றுவரை என்மேல் வருத்தம் இருக்கும்.

புக்கிட் ரம்பாயில் பத்திரிகை ஒரு தோட்டத்துக் கணக்கர், கிராணி என்பார்கள், அவர் வீட்டில் இருந்தது. கித்தா என்கிற ரப்பர் மரங்களுக்கு நடுவே மண்பாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். கிராணி அதை அலமாரியில் பூட்டிவைத்துவிட்டு வேலைக்காட்டுக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை வாசலில் நடந்துகொண்டே இருந்தேன். வந்தவர், "உக்காரேன்பா, பாக்கவே தல சுத்துது" என்றார். அக்கா உடனே கொண்டுவரச் சொன்னதாக ஒரு பொய். அவர் கருத்துப் பக்கத்தில் நிதானமாக ஆறு வரி எழுதும்வரை இன்னும் அரை மணி நேரம்.

திரும்பும் வழியில் ஒரு பாலத்துக் கட்டையில் பத்திரிகையை விரித்தேன். நூற்று என்கிற எழுத்துகளை மட்டும் பிளேடால் மெல்லச் சுரண்டினேன். தாள் பொசுபொசுவென்று ஆனது. நகத்தால் தேய்த்துவிட்டு அக்காவின் எழுத்தைப்போலவே முப்பது என்று எழுதினேன். முப்பதுக்கு 28. ஊதிக் காயவைத்துப் பார்த்தேன். டிக்கெட் கூண்டுக்காரர் அந்தப் பக்கத்தை மட்டும் படித்தால் போதும், தப்பித்துவிடலாம். மற்ற பக்கங்களை அவர் புரட்டுவாரோ என்றுகூட ஒரு நொடி யோசித்தேன். பெட்டிக்காரர் புரட்டுவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தமிழ் படிக்கத் தெரியாதவர் எதற்குப் புரட்டப்போகிறார் என்கிற எண்ணம். அந்த எண்ணத்தை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

அன்று மாலையே அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தவுக்கே பலகையைப் பார்த்தே சம்மதித்துவிட்டார், வாசலிலிருந்து மூன்றாவது இடம், புத்தகத்தைக் காட்ட வேண்டிய அவசியம்கூட இல்லை என்று சொல்லிச் சிரித்தார். "ஆனாலும் கொண்டுபோய்க் காட்டுறேன். சொன்னா சொன்னதுக்குச் சாட்சி இருக்கணும்." எனக்குச் சைக்கிள் மிதித்த கால் அப்போதுதான் வலிக்க ஆரம்பித்தது. அன்று நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விழா தொடங்கிய முதல் மாலை. ஊரெல்லாம் புதுக்கொடி. பார்க்கு வாசலில் காகிதத் தோரணம், மேளம், கூட்டம் நெரிந்தது. வாசலிலிருந்து மூன்றாவது இடத்தில் பலூன் சுடுகிற கடை நின்றது. நான் இரண்டு பக்கமும் எண்ணிப் பார்த்தேன். பெட்டி இல்லை.

"இங்க ஒரு மரப்பெட்டி வரணுமே" என்று பலூன் கடைத் தமிழரிடம் கேட்டேன்.

"அந்தச் செட்டி அபாங்கா? அவரே வந்து வேணான்னுட்டாராம். போர்டுல இருக்கறது தப்பு, அத நம்பி எனக்கு எடம் குடுக்காதீங்கன்னு தவுக்கேகிட்டயே சொல்லிட்டாரு. யாராச்சும் கெடச்ச எடத்த விடுவாங்களா? நமக்கு அடிச்சுது யோகம்."

கடைசி வரிசைப் பக்கம் நான் போகவில்லை. கூட்டத்துக்குள் நுழைந்து நுழைந்து எங்கேயோ போய் எப்படியோ வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் காலை அக்கா கூடத்தில் பத்திரிகையை விரித்து வைத்திருந்தாள். அவர் வேலைக்குப் போகிற வழியில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். "கருத்து எழுதியிருக்காரு, மலாயில, ஒரு பக்கம் முழுசா" என்று சொல்லி, ரூமி எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்துத் தமிழில் சொன்னாள். நான் கதவருகே நின்றுகொண்டிருந்தேன்.

"புத்தகம் கொடுத்ததற்கு நன்றி. எனக்குத் தமிழ் படிக்க வராது. எண் படிக்க வரும். மற்ற பக்கங்களில் 74, 61, 52 என்று இருந்தது. முப்பதுக்கு 74 எப்படி வரும் என்று யோசித்தேன். பட்டறையில் ஒரு தமிழ் நண்பரை எல்லாவற்றையும் படிக்கச் சொன்னேன். என் பக்கத்தில் யாரோ ஒரு சொல்லைச் சுரண்டியிருக்கிறார்கள். அது யார் என்று எனக்குத் தெரியாது, அதனால் அதற்கு மதிப்பெண் போடவில்லை. மற்ற இரண்டு பேருக்குப் போடுகிறேன். எழுதினவருக்கு 70. அவர் அவசரக்காரர். பாலத்தைத் தாண்டிச் சுவர் வந்ததும், பிடியை ஆட்டாமல் எட்டு எண்ணினால் சுவர் திறக்கும். அவர் எட்டு எண்ணவில்லை. ஆனால் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. எனக்குப் படித்துக் காட்டினவருக்கு 28. இரண்டும் நூற்றுக்கு."

அந்த 28 மட்டும் சிவப்புப் பென்சிலில் இருந்தது. எங்கள் பழக்கத்தை அந்தப் பட்டறை நண்பர் விளக்கியிருப்பார்.

அக்கா தாள்களைப் பின்னுக்குப் புரட்டினாள். என் விமர்சனத்தில் வந்து நின்றாள். முப்பதுக்கு என்ற சொல்லின் மேல் விரலை வைத்துத் தடவினாள். "இது நான் எழுதுனது இல்ல" என்றாள். பிறகு தலையைத் தூக்காமலே, "அவருக்குப் படிச்சுக் காட்டுனது யாரு?" என்று கேட்டாள்.

"நான்தான்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பதில் பேசியிருப்பேன், கதவை அறைந்துவிட்டு வெளியே போயிருப்பேன், எல்லாம் கொஞ்சம் லேசாகியிருக்கும். அவள் பத்திரிகையை மூடினாள். "சாயங்காலம் போயி அவருகிட்டச் சொல்லு."

"என்னான்னு சொல்றது?"

"ரெண்டு பேரும் ஒருத்தன்தான்னு."

அன்று முழுக்க என் மனம் ஒரு கணக்கையே போட்டுக்கொண்டிருந்தது. எழுபதையும் இருபத்தெட்டையும் கூட்டிப் பாதியாக்கினால் நாற்பத்தொன்பது. நாற்பதுக்கு மேல். கறுப்பு மைதான். தேறிவிடுகிறேன். இதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் நாற்பத்தொன்பதே வந்தது. ஆனால் அவர் அதை ஒருவனுக்குப் போடவில்லை.

மாலையில் போனேன். கடைசி வரிசை, கழிப்பறைப் பக்கம், முன்பிருந்த அதே இடம். முன்னால் மேளமும் வாணவேடிக்கையுமாக இருந்தது. இங்கே ஆள் இல்லை. பலகையைத் திருப்பிப் போட்டுப் பெட்டிக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வா, தம்பி" என்றார். எப்போதும் கூப்பிடுகிற மாதிரியே. ஒன்றும் கேட்கவில்லை. கேட்பார் என்று வழியெல்லாம் பதில் தயாரித்து வைத்திருந்தேன்.

"அபாங், அன்னிக்கு நான் படிச்சுக் காட்டினது..." என்று ஆரம்பித்தேன்.

"எழுதிட்டேன் லா. அது முடிஞ்சுது." கண்ணாடியைத் துடைத்தார். பிறகு குண்டை எடுத்துக் கடலில் வைத்தார். "அத எழுதினவரு ஒனக்குத் தெரிஞ்சவருதானே? ஒங்க அக்கா புத்தகம்தானே. அவர ஒரு நாளைக்கு வரச் சொல்லு. காசு வேணாம். சுவருக்கிட்ட வந்து எட்டு எண்ணச் சொல்லு, போதும். நேர்மையான ஆளு. அவரு முழுசாப் பாத்துட்டு மறுபடியும் இருபத்தெட்டுன்னு சொன்னாக்கூட ஏத்துக்குவேன்."

சொல்ல வேண்டிய இடம் அதுதான். வாயைத் திறந்தேன். அவர் அந்த மனிதரைப் பற்றிச் சொல்லும்போது முகத்தில் இருந்த மரியாதையைப் பார்த்தேன். இருபத்தெட்டு என்னுடையது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான்தான் அவர் என்று சொன்னால் அந்த எழுபதும் போய்விடும். அந்த ஊரில், அந்த நாட்டில், எனக்கென்று இருந்த ஒரே நல்ல மதிப்பெண் அது.

"சொல்றேன், அபாங்" என்றேன்.

அவர் பித்தளைப் பிடிகளை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். "நீயும் ஆடிப் பாரேன்." எனக்கு அவசர வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு நடந்தேன்.